ஹெட் போல்ட்டை இறுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது

என்ஜினைத் திறந்து வேலை பார்க்கும் பலர், வால்வுக்கும் பிஸ்டன் ரிங்குக்கும் கொடுக்கிற மரியாதையில் பாதியைக்கூட, என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைப் பிடித்து வைத்திருக்கிற ஹெட் போல்ட்டுக்குக் கொடுப்பதில்லை. ஹெட்டை ஈப்போவுக்கு அனுப்பி அடித்தளத்தைச் சமமாகச் சீவி (ஸ்கிம் பண்ணி) வாங்குவார்கள், வால்வ் சீல் மாற்றுவார்கள், நாலு கடை ஏறி நல்ல கேஸ்கட்டாகத் தேடிப் போடுவார்கள். கடைசியில் பழைய போல்ட்டையே எடுத்து, பெட்ரோலில் ஒரு முக்கு முக்கி, நீளமான கைப்பிடி போட்டு இனிமேல் நகராது என்கிற வரை இழுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். காரும் ஓடும். சில மாதம் நன்றாகவே ஓடும். அப்புறம் ஒரு நாள் குடும்பத்தோடு பினாங்குக்குப் போகிற வழியில், கோலகங்சாரைத் தாண்டி புக்கிட் பெராப்பிட் ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் மேலே போய் நிற்கும். பழி கேஸ்கட் மேல் விழும்.

பெரும்பாலும் கேஸ்கட் பாவம். அதைப் பிடித்திருக்க வேண்டிய போல்ட் விட்டுவிட்டது, அவ்வளவுதான்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் இந்த விஷயத்தைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. லிந்தாங் சாலையில் உள்ளே தள்ளி இருக்கிற தோட்டங்களிலிருந்து வருபவர்களுக்கு பஸ்ஸை நம்பி வேலைக்குப் போக முடியாது. அப்பா வாங்கிய சாகா கார், அக்கா கொடுத்துவிட்டுப் போன கஞ்சில், மூன்றாவது கை மாறி வந்த வீரா, இவைதான் வீட்டையும் வேலையையும் ஆஸ்பத்திரியையும் பள்ளிக்கூடத்தையும் இணைக்கின்றன. ஒரு தடவை ஹெட்டைக் கழற்றிச் சரிபார்க்கிற டாப் ஓவர்ஹால் பண்ணுவதற்கே மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. அதே வேலையை இன்னொரு தடவை பண்ணுகிற நிலை யாருக்கும் வரக்கூடாது. வொர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்த தம்பிகளுக்கும், வீட்டு முற்றத்தில் தானே ஹெட்டைக் கழற்றிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஹெட் போல்ட் எதற்கு இருக்கிறது என்று பார்ப்போம். கீழே பிளாக், அதில் பிஸ்டன் ஏறி இறங்குகிற சிலிண்டர்கள். மேலே மூடி மாதிரி ஹெட். நடுவில் கசிவைத் தடுக்கிற மெல்லிய தகடு, அதுதான் கேஸ்கட். சாகாவிலும் வீராவிலும் வந்த மிட்சுபிஷி 1.5 லிட்டர் என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள்: சிலிண்டரின் குறுக்களவு 75.5 மில்லிமீட்டர். முழு ஆக்சலரேட்டரில் எரிகிற நொடியில் உள்ளே அழுத்தம் சுமார் 50 பார் வரை போகும், அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 50 கிலோவுக்குச் சற்று மேல். கணக்குப் போட்டால் ஒரு சிலிண்டர் மட்டும் ஹெட்டை இரண்டு டன்னுக்கு மேற்பட்ட விசையோடு மேலே தூக்கப் பார்க்கிறது. 3,000 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டரில் நொடிக்கு 25 தடவை எரியும். நொடிக்கு 25 தடவை இரண்டு டன் அடி, ஈப்போ போய்த் திரும்புகிற வரை. இத்தனைக்கும் ஹெட் ஒரு மயிரிழைகூட எழும்பக்கூடாது. எழும்பினால் அந்த இடைவெளியில் நெருப்பு நுழைந்து கேஸ்கட்டைச் சுட்டுத் தின்றுவிடும். அதே கேஸ்கட்தான் தண்ணீர் வழியையும் எண்ணெய் வழியையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.

இதைத் தடுக்க போல்ட் என்ன செய்கிறது? இந்த இடம்தான் முக்கியம், இது புரிந்துவிட்டால் மற்ற விதிகள் எல்லாம் தானாகப் புரியும். போல்ட்டை இறுக்குகிறோம் என்று நாம் சொல்வது, போல்ட்டை இழுத்து நீட்டுவதைத்தான். போல்ட் தலை ஹெட்டின் மேல் உட்கார்ந்துவிட்ட பிறகும் நீங்கள் திருப்பிக்கொண்டே போனால், கீழே மரை அதைப் பிளாக்குக்குள் இழுக்கிறது, மேலே தலை நகர மறுக்கிறது, நடுவில் இருக்கிற தண்டு நீள்கிறது. எஃகு நீளுமா என்று கேட்காதீர்கள், நீளும். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு நல்ல போல்ட், இறுக்கி முடிக்கும்போது 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை நீண்டிருக்கும். அது தன் பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கிறது. அந்தத் துடிப்புதான் ஹெட்டைப் பிளாக்கோடு சேர்த்து அமுக்குகிறது. தலையில் பலத்தைக் காட்டுகிற எண்ணாக 10.9 என்று எழுதியிருக்கிற ஒரு 10 மில்லிமீட்டர் போல்ட், சரியாக இறுக்கினால் மூன்றரை டன்னிலிருந்து ஐந்து டன் வரை இழுத்துப் பிடிக்கும். பத்து போல்ட் சேர்ந்தால் எவ்வளவு என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

பால்மரத்தில் (ரப்பர் மரத்தில்) பால் பிடிக்கிற மங்கு மாட்டுகிற கம்பியைப் பார்த்திருப்பீர்கள். மரத்தைச் சுற்றிக் கட்டிய கம்பியில் ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும், அது எப்போதும் கொஞ்சம் விரிந்தே இருக்கும், விரிந்திருப்பதால்தான் மங்கு நழுவாமல் நிற்கிறது, மரம் பெருத்தாலும் அதற்கேற்ற மாதிரி இன்னும் கொஞ்சம் விரிந்து கொடுக்கிறது. அந்த ஸ்பிரிங்கை யாராவது கையால் பிடித்து அளவுக்கு மேல் இழுத்துவிட்டால் சுருள் நிமிர்ந்துபோகும், அப்புறம் எத்தனை தடவை மாட்டினாலும் பிடி இருக்காது. ஹெட் போல்ட்டும் இதுதான்.

மரம் பெருப்பதைச் சொன்னேன், ஹெட்டும் பெருக்கும். இப்போது ஓடுகிற கார்களில் ஹெட் அலுமினியம், போல்ட் எஃகு. சூடானால் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 100 மில்லிமீட்டர் உயர அலுமினியம், காலையில் 30 டிகிரியில் இருந்து ஓடும்போது 100 டிகிரிக்குப் போனால் 0.16 மில்லிமீட்டர் வளர்கிறது. அதே நீள எஃகு 0.08 தான் வளர்கிறது. மிச்சம் 0.08 மில்லிமீட்டரை போல்ட் தன்னை நீட்டிக் கொடுத்துச் சமாளிக்க வேண்டும். நல்ல போல்ட்டுக்கு இது பெரிய விஷயமில்லை. காலையில் சூடாகி ராத்திரி குளிர்ந்து, தினமும் இந்த நீள்வதும் சுருங்குவதும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் ஓட்டி ஹெட் அளவுக்கு மீறிச் சூடானால், அலுமினியம் அதிகமாக வளர்ந்து, போல்ட்டை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்துவிடும், கேஸ்கட்டையும் நசுக்கிவிடும். குளிர்ந்த பிறகு ஹெட் பழைய அளவுக்கு வந்துவிடும், போல்ட் வராது. அதனால்தான் ஒரு தடவை கொதித்த காரை, தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்தேன் நன்றாகத்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குக் கவலையாக இருக்கும். அன்றைக்கே தெரியாது. பிடி தளர்ந்தது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும்: ராத்திரி நிறுத்திய கார் காலையில் தண்ணீர் குறைந்திருக்கும், ஸ்டார்ட் பண்ணிய ஒரு நிமிடத்தில் ரேடியேட்டர் குழாய் கல் மாதிரி இறுகும், மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டால் குமிழ் குமிழாக வரும், புகைக்குழாயில் வெள்ளைப் புகை நிற்காது. மூடி விஷயத்தில் ஒன்று: என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும்தான் திறக்க வேண்டும், சூட்டில் திறந்து முகம் வெந்தவர்கள் இருக்கிறார்கள்.

எல்லை என்று சொன்னேன் அல்லவா. எஃகை ஒரு அளவு வரை இழுத்தால், விட்டவுடன் பழைய நீளத்துக்கு வந்துவிடும். அந்த அளவைத் தாண்டினால் நிரந்தரமாக நீண்டுவிடும். இன்னும் இழுத்தால் ஒரு இடத்தில் இடுப்பு மாதிரி மெலிந்து அறுந்துபோகும். இந்த எல்லையை வைத்துத்தான் ஹெட் போல்ட்டில் இரண்டு ஜாதி உண்டு. பழைய வகை, எல்லைக்கு நன்றாக உள்ளேயே இறுக்குவது. மேனுவலில் ஒரே ஒரு டார்க் எண் (திருப்புகிற பலத்தின் அளவு) இருக்கும், இத்தனை நியூட்டன் மீட்டர் என்று, அதை இரண்டு மூன்று படியாக எட்டுவோம். புதிய வகை, வேண்டுமென்றே எல்லையைத் தொட்டு லேசாகத் தாண்டுகிற மாதிரி இறுக்குவது. இதற்கு மேனுவலில் முதலில் ஒரு சின்ன டார்க், அப்புறம் 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி என்று இருக்கும். வியோஸில் வந்த டொயோட்டாவின் 1என்இசட் என்ஜினுக்கு 29 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி, பிறகு இன்னொரு 90 டிகிரி. மிட்சுபிஷியின் 4ஜி63 என்ஜினில் பிற்கால வகைக்கு இன்னும் ஒரு படி கூடுதல்: முதலில் 78 வரை இறுக்கி, எல்லாவற்றையும் முழுக்கத் தளர்த்தி, மறுபடி 20-இல் ஆரம்பித்து 90, 90. முதலில் இறுக்கித் தளர்த்துவது கேஸ்கட்டை உட்கார வைப்பதற்கு. இந்த எண்களை உதாரணத்துக்குத்தான் சொல்கிறேன். உங்கள் என்ஜினின் எண் உங்கள் என்ஜினின் மேனுவலில் மட்டும்தான் இருக்கிறது; ஒரே பெயர் கொண்ட காரில்கூட வருடத்துக்கு வருடம் போல்ட் மாறியிருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன எண்ணைப் போடாதீர்கள்.

ஏன் டார்க்கை விட்டுவிட்டு டிகிரிக்குப் போனார்கள்? டார்க் ரெஞ்ச் காட்டுவது நீங்கள் திருப்புகிற பலத்தை. நமக்கு வேண்டியதோ போல்ட் எவ்வளவு நீண்டது என்பது. இரண்டும் ஒன்றில்லை. நீங்கள் போடுகிற பலத்தில் பாதி, போல்ட் தலைக்கு அடியில் உரசுவதிலேயே போய்விடுகிறது. இன்னொரு 40 சதவீதம் மரையில் உரசுவதில் போகிறது. மிச்சம் சுமார் 10 சதவீதம்தான் போல்ட்டை நீட்டுகிறது. அப்படியானால் மரையில் கொஞ்சம் துரு இருந்தாலே, அல்லது பழைய கேஸ்கட் துணுக்கு ஒன்று மாட்டியிருந்தாலே, உரசல் கூடி அந்த 10 சதவீதத்தைச் சாப்பிட்டுவிடும். ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும், போல்ட்டோ பாதிதான் நீண்டிருக்கும். எண்ணெய் கூடுதலாகப் போனால் இதற்கு நேர் எதிர், ரெஞ்ச் சொல்வதற்கு முன்னாலேயே போல்ட் அதிகமாக நீண்டிருக்கும். டிகிரியில் இந்தத் தொல்லை குறைவு. மரையின் இடைவெளி 1.25 மில்லிமீட்டர் என்றால், கால் சுற்றுக்கு போல்ட் 0.31 மில்லிமீட்டர் உள்ளே போகும், துரு இருந்தாலும் போகும், எண்ணெய் இருந்தாலும் போகும். பத்து போல்ட்டும் ஏறக்குறைய ஒரே பிடியில் வந்து நிற்கும். ஹெட்டுக்கு வேண்டியது அந்தச் சமமான பிடிதான். ஒரு மூலையில் ஐந்து டன்னும் இன்னொரு மூலையில் மூன்று டன்னும் என்றால் கேஸ்கட் அந்த இளைத்த மூலையில்தான் போகும்.

இனி எல்லோரும் கேட்கிற கேள்வி. "அண்ணே, பழைய போல்ட்டு நல்லாத்தானே இருக்கு, அதையே போட்டுறலாமே?" வண்டிக்காரர் கேட்பதில் தப்பில்லை, அவர் கையில் இருக்கிற பணம் அவருக்குத்தான் தெரியும். ஆனால் பதில் போல்ட் எந்த ஜாதி என்பதைப் பொறுத்தது. டிகிரி போட்டு இறுக்குகிற வகை என்றால் அது முதல் தடவையிலேயே நிரந்தரமாக நீண்டுவிட்டது, கழற்றினால் புதியது போடுவதுதான் முறை. சில கம்பெனி மேனுவலில் நீளம் அளந்து, இந்த அளவுக்குள் இருந்தால் மறுபடி போடலாம் என்று அனுமதித்திருப்பார்கள். அந்த வரி இருந்தால் மட்டும், கேலிப்பர் வைத்து ஒவ்வொன்றாக அளந்து போடலாம். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடாது. பழைய வகை, ஒரே டார்க் எண் உள்ள போல்ட் என்றால் மறுபடி போடத் தடையில்லை, ஆனால் பரிசோதித்துவிட்டுத்தான்.

பரிசோதனை எப்படி என்றால், எல்லா போல்ட்டையும் கழுவித் துடைத்து, ஒரு சமமான கண்ணாடித் துண்டின் மேல் தலை கீழாக வரிசையாக நிறுத்துங்கள். ஒரே நீளம் இருக்க வேண்டியவற்றில் ஒன்று மட்டும் தலைப்பாகை கட்டின மாதிரி உயர்ந்து தெரிந்தால் அது நீண்டது. அப்புறம் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, மரை ஆரம்பிக்கிற இடத்திற்கு மேலே உள்ள தண்டை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். நீண்டுபோன போல்ட் என்றால் ஒரு இடத்தில் விரல் உள்ளே இறங்கும், சட்டை உரசி மெலிந்த மாதிரி ஒரு பள்ளம் தட்டுப்படும். கண்ணுக்கு முன்னால் விரலுக்குத்தான் அது தெரியும். புதிய நட்டு ஒன்றை மரையில் கையாலேயே ஓட்டிப் பாருங்கள். மேலிருந்து கீழ் வரை சறுக்கிக்கொண்டு போக வேண்டும், நடுவில் ஓர் இடத்தில் முறுகினால் அந்த இடத்தில் மரையின் இடைவெளி இழுபட்டுவிட்டது. துரு தின்று குழி விழுந்ததையும் தூக்கிப் போடுங்கள். நம் நாட்டில் பனி கிடையாது என்பதால் ரேடியேட்டரில் பைப் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது, கூலன்ட் என்பது குளிர் நாட்டுக்காரனுக்கு என்ற நினைப்பு. கூலன்ட்டின் பாதி வேலை துருவைத் தடுப்பது. சில என்ஜின்களில் போல்ட் துளை தண்ணீர் ஓடுகிற வழிக்குள் திறந்திருக்கும். அங்கே வெறும் தண்ணீர் பல வருடம் நின்றால் போல்ட்டின் கால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட துளைக்குப் போகிற போல்ட்டின் மரையில் சீலன்ட் பூச வேண்டும் என்று மேனுவலிலேயே இருக்கும்.

ஹாஃப்கட் கடையிலிருந்து, அதாவது ஜப்பானில் ஓடிய காரை வெட்டிக் கொண்டுவந்து விற்கிற கடையிலிருந்து, வாங்கி வந்த என்ஜினைத் திறந்தாலும் இதே விதிதான். அது ஜப்பானில் எப்படி ஓடியது, யார் திறந்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

சரி, வேலைக்கு வருவோம். கழற்றும்போது என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். சூட்டோடு கழற்றினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும், அதற்கப்புறம் எவ்வளவு நன்றாக இறுக்கினாலும் பயனில்லை. ஓரத்தில் ஆரம்பித்து நடுவுக்கு வாருங்கள், ஒரே போல்ட்டை ஒரேயடியாகக் கழற்றாமல், எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். ஓர் அட்டைப் பெட்டியின் மூடியில் ஹெட்டின் வடிவத்தை வரைந்து, துளை குத்தி, எந்த போல்ட் எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்தத் துளையிலேயே செருகி வையுங்கள். சில என்ஜின்களில் நீளமும் குட்டையும் கலந்து இருக்கும். நீளமானதைக் குட்டைத் துளையில் போட்டால் அது அடியில் போய் முட்டும், ரெஞ்ச் இறுகிவிட்டது என்று சொல்லும், ஹெட்டில் பிடியே இருக்காது. வாஷர் இருந்தால் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு சுத்தம். அவசரக்காரர்கள் தாண்டிப் போகிற இடம் இது, நானோ பாதி நேரத்தை இங்கேதான் செலவழிப்பேன். ஹெட்டைத் தூக்கும்போதே தண்ணீரும் எண்ணெயும் போல்ட் துளைகளுக்குள் வழிந்துவிடும். அடி மூடிய துளை என்றால் அந்தத் தண்ணீருக்குப் போக வழியில்லை. அதன் மேல் போல்ட்டை இறக்கினால், தண்ணீர் அமுங்காது, ஜாக்கியில் எண்ணெய் லாரியைத் தூக்குகிற அதே விதியில் அந்தச் சொட்டுத் தண்ணீர் பிளாக்கை உள்ளிருந்து பிளந்துவிடும். மெல்லிய வெடிப்புதான் விழும், ஆனால் பிளாக் போனால் என்ஜினே போன மாதிரி. அதனால் ஒவ்வொரு துளையிலும் காற்றுக் குழாயை விட்டு ஊதுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள், துணியால் துளையின் வாயைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பழைய எண்ணெய் நேராகக் கண்ணுக்குத்தான் வரும். டார்ச் அடித்து அடி தெரிகிறதா பாருங்கள். மரையைச் சுத்தம் செய்ய, மரை வெட்டுகிற டாப்பை விடாதீர்கள், அது இருக்கிற இரும்பையும் சேர்த்து வெட்டும். மரை துடைக்கிற சேசர் என்று தனியாக உண்டு, இல்லையென்றால் பழைய ஹெட் போல்ட் ஒன்றில் நீளவாக்கில் இரண்டு பள்ளம் அறுத்து அதையே கையால் இறக்கி ஏற்றினால் அழுக்கை வாரிக்கொண்டு வரும்.

பிளாக்கின் மேல் தளத்தைச் சுரண்டும்போது கிரைண்டரில் மாட்டுகிற உரசு தட்டு வேண்டாம், அது பள்ளம் போடும், அதன் தூள் எண்ணெயில் கலந்து பேரிங்கைத் தின்னும். சுரண்டியும் பொறுமையும் போதும். நேர்கோல் ஒன்றை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். பல என்ஜின்களுக்கு 0.05 மில்லிமீட்டர் வரைதான் வளைவை அனுமதிக்கிறார்கள். ஹெட்டை மட்டும் பார்த்துவிட்டு பிளாக்கை விட்டுவிடாதீர்கள்.

கேஸ்கட்டை வைக்கும்போது மேல் பக்கம் என்று குறியிட்டிருப்பதைப் பாருங்கள், எண்ணெய்த் துளை பொருந்துகிறதா பாருங்கள், இடம் காட்டுகிற குட்டி ஊசிகள் இரண்டும் பிளாக்கில் இருக்கின்றனவா பாருங்கள். கேஸ்கட்டின் மேல் சிலிகான் பூசுகிறவர்களை நான் தடுத்திருக்கிறேன். மேனுவலில் டைமிங் கவர் சேருகிற மூலைகளில் ஒரு பொட்டு வை என்று சொல்லியிருந்தால் அங்கே மட்டும் வையுங்கள். மற்ற இடத்தில் பூசினால் பிதுங்கி எண்ணெய் வழியை அடைக்கும்.

போல்ட்டுக்கு எண்ணெய் போடலாமா? பெரும்பாலான மேனுவல்களில் மரைக்கும் தலையின் அடிப்பக்கத்துக்கும் லேசாக என்ஜின் எண்ணெய் தடவச் சொல்லியிருக்கும். தலையின் அடிப்பக்கம் என்பதை அழுத்திச் சொல்கிறேன், பாதி உரசல் அங்கேதான் என்று மேலே பார்த்தோம். விரலில் தொட்டுத் தடவினால் போதும், சொட்டச் சொட்ட முக்கி எடுத்தால் அதே எண்ணெய் துளையின் அடியில் தேங்கி, மேலே சொன்ன தண்ணீர் கதைதான். உலர்ந்தபடி போடச் சொன்ன மேனுவல் என்றால் உலர்ந்தபடிதான் போட வேண்டும், ஏனென்றால் அந்த டார்க் எண்ணை அந்த உரசலை வைத்துத்தான் கணக்கிட்டிருக்கிறார்கள்.

எல்லா போல்ட்டையும் முதலில் கையால் உட்காரும் வரை திருப்புங்கள். ஒன்று கையால் போகவில்லையென்றால் அங்கேயே நிறுத்தி ஏன் என்று பாருங்கள். பிறகு நடுவில் ஆரம்பிக்க வேண்டும். பத்து போல்ட், இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து என்றால், நடு இரண்டு முதலில், பிறகு அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி வெளியே போய் மூலைகளில் முடிக்க வேண்டும். கேஸ்கட்டில் இருக்கிற சுருக்கமும் ஹெட்டின் லேசான வளைவும் நடுவிலிருந்து வெளியே தள்ளப்பட்டுவிடும். மூலைகளை முதலில் பிடித்துவிட்டால் நடுவில் உப்பல் மாட்டிக்கொள்ளும். ஒரே டார்க் எண் உள்ள வகைக்கு, அந்த எண்ணை மூன்று சுற்றாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றிலும் பத்தையும் முடித்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போங்கள்.

ரெஞ்சைப் பற்றி கொஞ்சம். அரை இன்ச் பெரிய ரெஞ்சில் 20 நியூட்டன் மீட்டர் வைக்க முடியாது, வைக்க முடிந்தாலும் அதன் அளவின் அடிப்பகுதியில் அது சரியாகச் சொல்லாது. சின்ன டார்க்குக்குச் சின்ன ரெஞ்ச் வேண்டும், இரவல் வாங்கினாலும் பரவாயில்லை. மெதுவாக, நிறுத்தாமல், ஒரே இழுப்பில் போங்கள். பாதியில் நின்று மறுபடி இழுத்தால், நின்ற போல்ட்டை நகர்த்தவே கூடுதல் பலம் வேண்டும், ரெஞ்ச் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு சீக்கிரமே 'டக்' என்றுவிடும். 'டக்' கேட்டதும் விட்டுவிடுங்கள், உறுதிக்கு இன்னொரு தடவை என்று இழுக்கிற பழக்கம் பலரிடம் இருக்கிறது, அது போல்ட்டைக் கூடுதலாக நீட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. அலகையும் பாருங்கள். பழைய மேனுவல்களில் கிலோகிராம் மீட்டர் இருக்கும், அதை 9.8-ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர். சில ரெஞ்சுகளில் பவுண்ட் அடி மட்டும் இருக்கும், ஒரு பவுண்ட் அடி 1.36 நியூட்டன் மீட்டர். 75 நியூட்டன் மீட்டர் என்பதை 75 பவுண்ட் அடி என்று வைத்துவிட்டால் 102-க்குப் போய்விடும், மரை உருண்டுபோக அது போதும். வேலை முடிந்ததும் ரெஞ்சைக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைத்துவிடுங்கள், இறுகின போல்ட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தாதீர்கள்.

டிகிரி வகைக்கு டார்க் சுற்று முடிந்ததும், ஒவ்வொரு போல்ட் தலையிலும் ஒரே திசையில், உதாரணமாக ரேடியேட்டர் பக்கம் பார்த்து, வெள்ளை பெயின்ட்டால் ஒரு பொட்டு வையுங்கள். முதல் 90 டிகிரி முடிந்தால் எல்லாப் பொட்டும் பக்கவாட்டில் பார்க்கும், இரண்டாவது முடிந்தால் எல்லாம் ரேடியேட்டருக்கு நேர் எதிர்ப்பக்கம் பார்க்கும். ஒன்று தவறினாலும் கண்ணில் பட்டுவிடும். கைப்பிடியை எட்டு மணியிலிருந்து பதினொரு மணிக்கு என்று மனத்தில் வைத்துத் திருப்புகிறவர்கள் உண்டு, அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன், டிகிரி காட்டுகிற தட்டு விலை அதிகமில்லை. இந்தக் கடைசிக் கால் சுற்றில் கை ஒன்றை உணரும்: முதலில் பலம் ஏறிக்கொண்டே வரும், பிறகு ஓரிடத்தில் ஏறுவது நின்று, கனமாகவே ஆனால் ஒரே சீராகத் திரும்பும். புதிய ஆள் பயந்து அங்கே நிறுத்திவிடுவார். அதுதான் எஃகு எல்லையைத் தொடுகிற இடம், குறி வரை போக வேண்டும். ஆனால் கனம் திடீரென்று குறைந்து இளகினால் அது வேறு. போல்ட் மெலிகிறது அல்லது பிளாக்கின் மரை பிய்கிறது, நிறுத்தி அந்த போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். மரை போயிருந்தால் துளையைப் பெரிதாக்கி எஃகு மரைச்சுருள் பொருத்துகிற மெஷின் கடைக்குக் கொண்டுபோக வேண்டும், பசை வைத்தெல்லாம் சமாளிக்க முடியாது.

முடிந்ததும் எண்ணெயும் ஃபில்டரும் புதிது, கூலன்ட்டும் வாட்டர் பம்ப் வழியில் காற்று நிற்காமல் நிரப்ப வேண்டும், ஹீட்டர் குழாய் உள்ள காராக இருந்தால் அதையும் திறந்து விடுங்கள். காற்று மாட்டியிருந்தால் ஹெட்டில் ஒரு மூலை மட்டும் காய்ந்து, இத்தனை பாடும் வீணாகும். முதல் ஓட்டத்தை ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், கேமரன் மலை ஏறிப் பார்க்கலாம் என்று கிளம்ப வேண்டாம். மறுநாள் காலை, குளிர்ந்த என்ஜினில், தண்ணீர் அளவைப் பாருங்கள்.

மறுபடி இறுக்க வேண்டுமா என்று கேட்பார்கள். பழைய வகை போல்ட்டும், நார் அடைத்த பழைய வகை கேஸ்கட்டும் என்றால், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் கேஸ்கட் அமுங்கிப் பிடி குறையும், மேனுவல் சொன்ன தூரத்தில் வால்வ் கவரைத் திறந்து அதே வரிசையில் மறுபடி டார்க் பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையிலா சூட்டிலா என்பதையும் மேனுவல் சொல்லும். டிகிரி போட்டு இறுக்கிய போல்ட்டை மட்டும் தொடாதீர்கள். உறுதியாக இருக்கட்டும் என்று ஒரு வாரம் கழித்து இன்னொரு இழுப்பு இழுத்தால், ஏற்கனவே எல்லையில் நிற்கிற போல்ட்டை அறுந்துபோகிற பக்கம் தள்ளுகிறீர்கள். வண்டிக்காரரே வந்து "அண்ணே, ஒரு தடவை செக் பண்ணிருங்களேன்" என்று கேட்டாலும், தண்ணீரையும் எண்ணெயையும் பார்த்துக் காட்டிவிட்டு அனுப்பிவிடுங்கள்.